வேலா பல்சாரா, லித்தியம் மேகமா? குவாண்டம் சுழல்களை ஆராய எந்தப் பக்கம் போவது

முதுகலை இயற்பியல் முடிக்கப்போகும் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாக எழுதிக் கேட்கிறார்கள். மீப்பாய்மத்தில், அதாவது உராய்வே இல்லாமல் ஓடும் பாய்மத்தில், உருவாகும் சுழல்கள் அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டன. அடுத்து நியூட்ரான் நட்சத்திரத்தின் பக்கம் போவதா, மீக்குளிர் அணு வாயுவின் பக்கம் போவதா என்பதில்தான் தடுமாற்றம். "ரெண்டும் ஒரே இயற்பியல்தானே சார், எது சுலபமோ அதை எடுத்துக்கிட்டா போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு.

ஒரே இயற்பியல் என்பது பாதி சரி. எந்தப் பாதி என்று தெரியாமல் இறங்குபவர் முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் மாட்டிக்கொள்வார். குளிர் வாயுவை நட்சத்திரத்தின் சிறு மாதிரி என்று நம்பி யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கட்சி. வாயுவை வாயுவுக்காகத் தேர்ந்தெடுங்கள், நட்சத்திரத்தை நட்சத்திரத்துக்காக. ஏன் என்பதை விவரமாகப் பார்க்கலாம்.

## இரண்டுக்கும் பொதுவான பாதி

சாதாரண திரவம் பாத்திரத்தோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். மீப்பாய்மம் அப்படிச் சுற்றாது. தன் சுழற்சி முழுவதையும் மெல்லிய கோடுகளில் அடைத்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் ஓடும் ஓட்டத்தின் அளவு மாறாதது: பிளாங்க் மாறிலியை, ஒடுங்கும் துகளின் நிறையால் வகுத்தால் வரும் எண். துகள்கள் ஜோடி சேர்ந்துதான் மீப்பாய்மம் ஆகின்றன என்றால் இரண்டு துகள்களின் நிறையால் வகுக்க வேண்டும். 1949இல் ஆன்சாகர் சொன்னதும் 1955இல் ஃபைன்மன் விரித்து எழுதியதும் இதுதான்.

நியூட்ரான் ஜோடிக்கு இந்த எண் விநாடிக்குச் சுமார் 0.002 சதுர செ.மீ. மீக்குளிர் வாயுவாகப் பயன்படும் லித்தியம்-6 அணு ஜோடிக்கு அதில் ஆறில் ஒரு பங்கு. சுழற்சி வேகத்தின் இரு மடங்கை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.யில் எத்தனை சுழல்கள் என்று கிடைத்துவிடும். வேலா பல்சார், அதாவது சுற்றியபடியே ரேடியோ துடிப்பு அனுப்பும் ஒரு நியூட்ரான் நட்சத்திரம், 89 மில்லி விநாடிக்கு ஒரு முறை சுற்றுகிறது. கணக்குப் போட்டால் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 70,000 சுழல்கள். நட்சத்திரம் முழுவதற்கும் ஏறத்தாழ 2,000 கோடி கோடி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2001இல் சோடியம் வாயுவைச் சுழற்றியபோது படத்தில் விழுந்தவை நூற்றுச் சொச்சம். எண்ணிக்கையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், ஆனால் விதி ஒன்றே.

இன்னொரு ஒற்றுமை இதைவிட ஆழமானது. இரண்டு நியூட்ரான்கள் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஒட்டாது. மெதுவாக மோதும்போது ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கும் என்பதன் அளவான சிதறல் நீளம் அவற்றுக்கு ஏறத்தாழ 19 ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மி.மீ.யில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), அதுவும் எதிர்க்குறியோடு. விசை செயல்படும் தூரமோ 2.7 ஃபெம்டோமீட்டர்தான். சிதறல் நீளத்தை முடிவிலி என்றும் விசையின் தூரத்தைச் சுழி என்றும் வைத்துக்கொண்டால் அந்தத் துகள் கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று 1999இல் ஜார்ஜ் பெர்ட்ச் ஒரு சவால் விட்டார். அப்போது அது காகிதக் கணக்கு. சில ஆண்டுகளில் லித்தியம்-6 வாயுவை 832 காஸ் காந்தப்புலத்தில் வைத்து அதே நிலையை ஆய்வகத்தில் உண்டாக்கிவிட்டார்கள். அந்த வாயுவின் ஆற்றல், ஒன்றோடொன்று வினைபுரியாத வாயுவின் ஆற்றலில் 0.37 பங்கு என்பது இன்று அளந்து தெரிந்த செய்தி. நியூட்ரான் பொருளைப் பற்றிய கேள்விக்கு அணு இயற்பியலாளர் மேசையில் விடை கிடைத்தது என்றால் சும்மாவா?

ஒற்றுமை இத்துடன் முடிகிறது. நட்சத்திர மேலோட்டின் நடுப்பகுதியில் நியூட்ரான்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே விசையின் தூரத்தைச் சுழி என்று விட்டுவிட முடியாது. அடர்த்தி குறைந்த வெளி விளிம்பில் மட்டும்தான் லித்தியத்தின் விடை நியூட்ரானுக்கும் பொருந்தும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும். சுழலையே பார்க்கிறோமா, அதன் விளைவை மட்டும் பார்க்கிறோமா? நம் கையால் எதைத் திருக முடியும்? சுழல் மையத்தின் தடிமனுக்கும் இரண்டு சுழல்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கும் என்ன விகிதம்? சுழல்களைப் பிடித்து நிறுத்தும் தடைகள் உண்டா? பட்டம் முடிக்கும் காலத்துக்குள் கையில் ஏதாவது நிற்குமா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கண்டுகொள்வதில்லை, ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். நட்சத்திர மேலோட்டில் சுழல் மையம் 10 ஃபெம்டோமீட்டர் அளவு. அடுத்த சுழல் இருப்பது 0.04 மி.மீ. தள்ளி. விகிதம் 400 கோடி. சுழல் மையத்தை ஒரு மி.மீ. தடிமனுள்ள சரடு என்று வைத்தால் அடுத்த சரடு 4,000 கி.மீ. தொலைவில், கன்னியாகுமரியில் ஒன்றைக் கட்டினால் அடுத்தது காஷ்மீரைத் தாண்டி நிற்கும். குளிர் வாயுவில் இந்த விகிதம் பத்து, இருபது. வாயுவில் சுழல்கள் ஒன்றையொன்று உரசும் தூரத்தில் வாழ்கின்றன. நட்சத்திரத்தில் ஒரு சுழலுக்குப் பக்கத்துச் சுழலைவிடக் கண்ணெதிரே உள்ள அணுக்கருதான் பெரிய விஷயம்.

## நியூட்ரான் நட்சத்திரம்: விளைவு தெரியும், சுழல் தெரியாது

1969 பிப்ரவரி கடைசிக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் நடுவே வேலா பல்சாரின் சுற்று நேரம் திடீரென்று 200 நானோ விநாடி குறைந்தது. வழக்கமாக அது நாளுக்கு 11 நானோ விநாடி வீதம் கூடிக்கொண்டே போகும், அதாவது நட்சத்திரம் மெல்ல மெல்ல வேகம் இழக்கும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் இழந்ததை ஒரே மூச்சில் திரும்பப் பெற்றுவிட்டது. இதைக் கண்டு எழுதிய இரண்டு குழுக்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் இருந்த ராதாகிருஷ்ணனும் மான்செஸ்டரும். ராதாகிருஷ்ணன் சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் மகன், பிறகு பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தை இருபதாண்டுக்கு மேல் நடத்தியவர். இந்தத் துள்ளலுக்குக் கிளிட்ச் என்று பெயர்.

1975இல் ஆண்டர்சனும் இட்டோவும் தந்த விளக்கம் இன்றும் அடித்தளமாக நிற்கிறது. மேலோடு காந்தப்புலத்தின் வழியே ஆற்றலை இழந்து மெதுவாகிறது. உள்ளே இருக்கும் மீப்பாய்மம் மெதுவாக வேண்டுமானால் அதன் சுழல்கள் வெளிப்பக்கம் நகர்ந்தாக வேண்டும். மேலோட்டின் அணுக்கருக் கூட்டில் சுழல்கள் சிக்கிக்கொண்டால் நகர முடியாது. மேலோடு மெதுவாகிக்கொண்டே போக, உள்ளே பாய்மம் பழைய வேகத்திலேயே ஓட, இரண்டுக்கும் நடுவே வேக வித்தியாசம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் சுழல்கள் கொத்தாக விடுபட்டு வெளிப்பக்கம் நகர்கின்றன. பாய்மம் விட்டுக்கொடுத்த சுழற்சி மேலோட்டுக்கு வந்து சேர்கிறது.

இதை நீங்களே சரிபார்க்கலாம், பேனாவும் காகிதமும் போதும். வேலா மூன்றாண்டில் இழக்கும் கோண வேகம் விநாடிக்குச் சுமார் 0.0093 ரேடியன். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய கிளிட்ச் திருப்பித் தருவது சுமார் 0.00014. இரண்டையும் வகுத்தால் ஒன்றரை விழுக்காடு. நட்சத்திரத்தின் சுழல் நிலைமத்தில் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவில்) குறைந்தது அந்த அளவாவது மேலோட்டோடு ஒட்டாமல் தனியே ஓடுகிறது என்று அர்த்தம். மேலோட்டில் உள்ள நியூட்ரான் மீப்பாய்மத்தின் பங்கும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத் தாராளமாக வருகிறது. இவ்வளவு அழகாக எண்கள் பொருந்துவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஆசையை அடக்கிக்கொண்டு மறைமுகச் செலவைப் பாருங்கள். மேலோட்டில் நியூட்ரான்கள் உண்மையில் தடையின்றி ஓடுவதில்லை. படிகத்தில் எலக்ட்ரான் சிதறுவதுபோல் அணுக்கருக் கூட்டில் சிதறி, கூட்டோடு இழுபடுகின்றன. இந்த இழுப்பைக் கணக்கில் சேர்த்தால் தேவையான மீப்பாய்மம் நான்கைந்து மடங்காகிவிடுகிறது, மேலோடு மட்டும் போதவில்லை என்று 2012–13இல் வந்த ஆய்வுகள் காட்டின. பிறகு வந்த சில கணக்குகளோ இழுப்பு அவ்வளவு பலமில்லை என்கின்றன. ஆக, அந்த ஒன்றரை விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்பதே வழக்கில் இருக்கிறது.

பிடிப்பின் கதை இன்னும் மோசம். அணுக்கரு சுழலை இழுக்கிறதா தள்ளுகிறதா என்பதிலேயே நெடுநாள் கருத்து வேறுபாடு. வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் அமெரிக்கக் குழுவினரும் சேர்ந்து 2016இல் பெரிய கணினியில் ஒரு சுழலையும் ஒரு அணுக்கருவையும் வைத்து நேரடியாக ஓடவிட்டுப் பார்த்ததில், அவர்கள் எடுத்துக்கொண்ட அடர்த்திகளில் தள்ளுகிறது என்று வந்தது. தள்ளினாலும் சுழல் சிக்கலாம், அணுக்கருக்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில். ஆனால் எவ்வளவு பலமாகச் சிக்கும் என்பது வேறு கணக்கு.

காத்திருப்பும் செலவுதான். வேலாவின் பெரிய கிளிட்சுகள் சராசரியாக மூன்றாண்டுக்கு ஒன்று. பட்டக் காலத்தில் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். பெரும்பாலும் கிளிட்ச் நிகழ்ந்த கணம் இரண்டு அவதானிப்புகளுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகும். டாஸ்மேனியாவின் மவுண்ட் பிளசன்ட் 26 மீட்டர் தொலைநோக்கி வேலாவை ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் 2016 டிசம்பர் 12 அன்று கிளிட்ச் நேரலையில் சிக்கியது. அந்தச் சமயத்தில் ஒரு துடிப்பு வரவே இல்லை. தரவுகளைத் துருவியதில், துள்ளல் முழுவதும் 13 விநாடிக்குள் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. இத்தனை ஆண்டு காவலுக்குக் கிடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவான தரவு, ஆனால் மாதிரிகளில் பலவற்றைக் கழித்துக்கட்ட அது உதவியது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? தரவோடு மல்லுக்கட்டப் பிடித்தவருக்கு, நிச்சயமின்மையோடு வாழத் தெரிந்தவருக்கு, அணுக்கரு இயற்பியலை அருகில் வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு. பணச் செலவு குறைவு. ஜாட்ரெல் பேங்க் வைத்திருக்கும் கிளிட்ச் பட்டியலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் இலவசமாகக் கிடக்கின்றன. பல்சார் நேரக்கணிப்புக்கான டெம்போ-2, பிண்ட் ஆகிய மென்பொருள்களும் இலவசம். ஊட்டி முத்தோரையில் உள்ள 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும் புனே அருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி.யும் இளம் பல்சார்களின் கிளிட்சுகளைக் கண்காணித்து ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. ஊட்டித் தொலைநோக்கி நிற்கும் மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, 11 டிகிரி. அதனால் அதன் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே திசையில் திருப்பினாலே ஒரு பல்சாரை மணிக்கணக்கில் பின்தொடரலாம். தமிழ்நாட்டு மாணவருக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு கருவி கிடையாது.

## மீக்குளிர் அணு வாயு: சுழல் தெரியும், ஆனால் ஒரே ஒரு முறை

இங்கே நிலைமை தலைகீழ். சுழலைப் படமெடுக்கலாம். 1995இல் ருபீடியத்திலும் சோடியத்திலும் போஸ்–ஐன்ஸ்டைன் ஒடுக்கம், அதாவது அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் வந்து சேர்வது, கைகூடியது. 1999இல் கொலராடோவின் ஜிலா (JILA) ஆய்வகத்தில் முதல் சுழல், 2000இல் பாரிசில் லேசர் கற்றையால் கலக்கி உண்டாக்கிய சுழல்கள், 2001இல் எம்.ஐ.டி.யில் ஒழுங்காக அடுக்கிய சுழல் கோவை. 2005இல் அதே எம்.ஐ.டி.யில் லித்தியம்-6 ஜோடிகளிலும் சுழல் கோவையைக் கண்டபோது, ஃபெர்மி வாயுவும் (ஜோடி சேர்ந்தால் மட்டுமே ஒடுங்கும் துகள்களின் வாயுவும்) மீப்பாய்மம்தான் என்பதற்குக் கண்கூடான சாட்சி கிடைத்தது.

கையில் இருக்கும் திருகுகளைப் பாருங்கள். காந்தப்புலத்தைத் திருகினால் துகள்களுக்கு இடையிலான விசை மாறும். லேசரால் எந்த வடிவத்திலும் கிண்ணமோ வளையமோ செய்யலாம். சுழற்சியை வேண்டும்போது தொடங்கலாம். பிளாரன்சில் லித்தியம் வாயுவில் சுழல்–எதிர்ச்சுழல் ஜோடிகளை விரும்பிய இடத்தில் வைத்து, ஒன்றோடொன்று மோதவிட்டு, எப்போது இரண்டும் அழிந்து ஒலியலையாகின்றன என்று 2021இல் அளந்தார்கள். நட்சத்திரக்காரர் கனவிலும் கேட்க முடியாத சோதனை.

இங்கும் மறைமுகச் செலவுகள் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் மேகம் அழியும். வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் பொறியை அணைத்து, வாயுவை விரியவிட்டு, அதன் நிழலைப் படமெடுக்கிறார்கள். அடுத்த படத்துக்கு முதலிலிருந்து குளிர்விக்க வேண்டும். லித்தியத்தில் இன்னொரு சிக்கல்: ஜோடி தளர்வாக இருக்கும் பக்கத்தில் சுழல் மையம் காலியாக இருக்காது, ஜோடி சேராத அணுக்கள் அதை நிரப்பிக்கொள்ளும். அதனால் 2005இல் படமெடுக்கும் கணத்தில் காந்தப்புலத்தை வேகமாக மாற்றி, ஜோடிகளை இறுக்கமான மூலக்கூறுகளாக்கிய பின்தான் சுழல்கள் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தன. படத்தில் தெரிவது அந்த மாற்றத்துக்குப் பிறகான சுழல்.

படம் இருந்தால் சந்தேகம் இல்லை என்று நினைப்பவருக்கு ஒரு கதை. 2013இல் எம்.ஐ.டி. குழு நீள்வடிவ லித்தியம் மேகத்தின் ஒரு பாதியில் மட்டும் லேசரால் அலைச்சார்பின் கட்டத்தை (phase) மாற்றியது. மேகத்தின் குறுக்கே ஒரு இருண்ட கோடு தோன்றி முன்னும் பின்னும் மிக மெதுவாக ஆடியது. அதைத் தட்டையான, வடிவம் குலையாமல் நகரும் தனி அலை, அதாவது சாலிட்டான் என்று வைத்து நிறையைக் கணக்கிட்டால், எதிர்பார்த்ததைவிட 50 மடங்கு கூடுதலாக வந்தது. பெரிய பரபரப்பு. அடுத்த ஆண்டு, 2016இன் அணுக்கருக் கணக்கைச் செய்த அதே வட்டாரத்தார் கணினியில் ஓடவிட்டுப் பார்த்து, அது சாலிட்டானாக இருக்க முடியாது, சுழல் வளையமாக இருக்கும் என்றார்கள். எம்.ஐ.டி.யினர் மேகத்தை மெல்லிய துண்டுகளாக அறுத்துப் பார்ப்பதுபோல் அடுக்கடுக்காகப் படமெடுத்தார்கள். விடை இரு தரப்பும் முதலில் சொன்னது இல்லை: மேகத்தின் குறுக்கே நிற்கும் ஒற்றைச் சுழல்கோடு. மேகத்தைப் பக்கவாட்டில் ஊடுருவிப் பார்க்கும்போது முப்பரிமாணப் பொருள் ஒரு கோடாகச் சுருங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இந்தத் துறைக்குப் போகிறவர் இந்த மூன்று கட்டுரைகளையும் வரிசையாகப் படித்துவிட்டுப் போவது நல்லது.

வெப்பநிலையிலும் ஒரு பொறி இருக்கிறது. வாயு நானோ கெல்வினில் இருக்கிறது, நட்சத்திரத்தின் உள்ளே பத்துக் கோடி கெல்வின். ஆனால் மீப்பாய்மம் கவலைப்படுவது, தான் மீப்பாய்மமாக மாறும் மாறுநிலை வெப்பநிலையோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதைப் பற்றித்தான். மேலோட்டின் நியூட்ரான்களுக்கு அது ஆயிரம் கோடி கெல்வின் அளவு, ஆகவே நட்சத்திரம் அதில் நூறில் ஒரு பங்கு. லித்தியம் வாயு வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு, பாதி என்று நிற்கிறது. அந்தக் கணக்கில் நட்சத்திரம்தான் குளிர்ச்சி! வாயுவில் சுழல் நகரும்போது இருக்கும் உராய்வை அப்படியே நட்சத்திரத்துக்குக் கொண்டுபோனால் தப்பாகிவிடும்.

சோதனைப் பக்கம் போனால் முதல் இரண்டு ஆண்டுகள் வெற்றிடக் குழாயோடும் லேசர் ஒழுங்குபடுத்தலோடும் போகும். ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் சேர்கிறீர்களா, புதிதாகக் கட்டும் கருவியிலா என்று வழிகாட்டியிடம் முதலிலேயே கேளுங்கள். பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்திலும் புனே ஐசரிலும் குளிர் அணு ஆய்வகங்கள் இருக்கின்றன, நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது புத்திசாலித்தனம்.

## திரவ ஹீலியம்: நடுவில் நிற்கும் மூத்தவர்

ஹீலியத்தை மறந்துவிட்டு இந்தப் பேச்சை முடிக்கக் கூடாது. 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம்-4 மீப்பாய்மம். சுழல் மையம் 0.1 நானோமீட்டர். விநாடிக்கு ஒரு ரேடியன் சுழற்றினால் சுழல்களின் இடைவெளி கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விகிதம் இருபது லட்சம், ஆய்வகத்தில் நட்சத்திரத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். பாத்திரச் சுவரின் சொரசொரப்பில் சுழல்கள் சிக்கவும் செய்யும். ஜார்ஜியாவின் திபிலீசியில் த்சகாட்சே சகோதரர்கள் 1970களில் சுழலும் ஹீலியப் பாத்திரங்களை மெதுவாக விட்டுப் பார்த்து, பல்சாரைப் போன்ற திடீர் வேகத் துள்ளல்களைக் கண்டார்கள்.

ஆனால் சுழல் மையம் கண்ணுக்குத் தெரியாத அளவு. 1979இல் பெர்க்லியில் எலக்ட்ரான்களைச் சுழலில் ஏற்றியும், 2006இல் மேரிலாந்தில் உறைந்த ஹைட்ரஜன் துகள்களைத் தூவியும்தான் அதன் இருப்பிடம் தெரிந்தது. மேலும் ஹீலியம்-4 போசான், அதாவது ஜோடி சேராமலேயே ஒடுங்கும் வகை, ஜோடி உடையும் இயற்பியல் அதில் இல்லை. கிரையோஜெனிக் வசதி உள்ள ஆய்வகத்தில் இடம் கிடைத்தால் தவிர இதை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

## கணினி மட்டும் இருப்பவருக்கு

எழுதிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிரிவு. இங்கே உண்மையான தேர்வு எந்தச் சமன்பாடு என்பது.

கிராஸ்–பிட்டயெவ்ஸ்கி சமன்பாடு ஒரே ஒரு அலைச்சார்பைக் கேட்கும். நல்ல மடிக்கணினியில் ஓடும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முருகானந்தமும் சாவோ பாவ்லோவின் எஸ். கே. அதிகாரியும் 2009இல் இதற்கான ஃபோர்ட்ரான் நிரல்களை வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். சுழல் கோவை உருவாவதை நீங்களே திரையில் பார்த்துவிடலாம். நீர்த்த போசான் வாயுவுக்கு இது நம்பகமான கருவி. நியூட்ரானுக்கு இது உருவகம் மட்டுமே. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் இதே சமன்பாட்டில் பிடிப்புப் புள்ளிகளைப் பரப்பி, பாத்திரத்தை மெதுவாக்கி, சுழல்கள் சரிந்து விழுவதுபோல் கூட்டமாக விடுபடுவதைக் காட்டினார்கள். சுழல்கள் ஒன்றையொன்று தூண்டிவிடும் விதத்தை அறிய அது உதவியது. ஆனால் நூற்றுக்கணக்கான சுழல்களில் கண்டதை ஆயிரக்கணக்கான கோடி கோடிச் சுழல்களுக்கு நீட்டும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும்.

காலத்தோடு மாறும் அடர்த்திச் சார்பு முறை ஃபெர்மியான்களை அவற்றின் இயல்போடு நடத்தும். ஜோடி உடைவது, மையம் நிரம்புவது எல்லாம் உண்டு. விலை? கட்டத்தில் எத்தனை புள்ளிகளோ கிட்டத்தட்ட அத்தனை அலைச்சார்புகள், லட்சக்கணக்கில். வார்சா குழு தன் நிரலைத் திறந்த மூலமாகவே வைத்திருக்கிறது. நிரல் இலவசம், அதை ஓட்டும் மீக்கணினி இலவசமில்லை. அப்படிப்பட்ட நேர ஒதுக்கீடு உள்ள குழுவில் சேர்ந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். தனியாக ஆரம்பித்தால் பெரிய கனவும் சிறிய கட்டமுமாக நிற்பீர்கள்.

சுழலை வெறும் புள்ளியாகவோ கோடாகவோ நடத்தும் முறை மூன்றாவது. மலிவு, வேகம். உராய்வும் பிடிப்பும் நாமே உள்ளே போடும் எண்கள். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேர்வாளர் கேட்பார், பதில் தயாராக இருக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| | நியூட்ரான் நட்சத்திரம் | மீக்குளிர் அணு வாயு | திரவ ஹீலியம்-4 |
|---|---|---|---|
| எது தெரியும் | சுற்று நேரம் மட்டும் | சுழலின் படம், படத்துக்கு ஒரு மேகம் | தூவிய துகளின் பாதை |
| திருக முடிவது | ஒன்றுமில்லை | விசை, வடிவம், சுழற்சி | சுழற்சி, வெப்பநிலை |
| இடைவெளி ÷ மையம் | சுமார் 400 கோடி | 10–20 | சுமார் 20 லட்சம் |
| பிடிப்பு | இயல்பாகவே உண்டு, இழுப்பா தள்ளலா என்பது விவாதத்தில் | நாமே லேசரால் போட வேண்டும் | சுவரில் உண்டு, கட்டுப்பாடு குறைவு |
| மறைமுகச் செலவு | காத்திருப்பு. ஒரே தரவுக்குப் பல மாதிரிகள் | கருவி கட்டும் ஆண்டுகள். படத்தைப் படிப்பதில் பிழை | கிரையோஜெனிக் வசதி |
| தனி மாணவர் கையில் | பொதுத் தரவு, இலவச மென்பொருள் | கணினி வழி என்றால் மடிக்கணினி | கடினம் |

## யார் எதை எடுக்கலாம்

ஆறு மாத முதுகலைத் திட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம்: போசான் வாயு, கிராஸ்–பிட்டயெவ்ஸ்கி. அந்தக் காலத்துக்குள் ஒரு முழு விடை கிடைக்கும் ஒரே வழி அதுதான். புள்ளியியல் பிடித்தவர் அதற்குப் பதிலாகக் கிளிட்ச் பட்டியலை எடுத்து, வேலாவின் துள்ளல்களுக்கு நடுவே உள்ள கால இடைவெளி ஏன் ஓரளவு சீராகவும், கிராப் பல்சாரில் ஏன் ஒழுங்கில்லாமலும் இருக்கிறது என்று பார்க்கலாம்.

முனைவர் பட்டத்துக்கு, உங்கள் கேள்வி சுழலின் இயக்கத்தைப் பற்றியதா, பிடிப்பைப் பற்றியதா என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். சுழல்கள் எப்படி மோதும், எப்படி மறு இணைப்பாகும், ஆற்றல் எங்கே போகும் என்பவை எல்லாம் வாயுவின் கேள்விகள். நட்சத்திரம் இவற்றுக்கு விடை தராது, அங்கே சுழல்கள் சந்தித்துக்கொள்வதே அரிது. எவ்வளவு விசையில் சுழல் அணுக்கருவிலிருந்து பிரியும், மேலோடு போதுமா, கருப்பகுதியும் பங்கெடுக்கிறதா என்பவை நட்சத்திரத்தின் கேள்விகள். ஒற்றை லித்தியம் மேகம் இவற்றுக்கு விடை தராது, ஏனென்றால் அதில் அணுக்கருக் கூடு இல்லை.

கூடு இல்லை என்ற குறையைத் தீர்க்க ஒரு குறுக்கு வழி அண்மையில் திறந்திருக்கிறது, இரண்டு பக்கமும் கால் வைக்க ஆசைப்படுபவர் பார்க்க வேண்டிய இடம் அது. டிஸ்ப்ரோசியம் போன்ற வலிய காந்தத்தன்மை உள்ள அணுக்கள் தாமாகவே துளித்துளியாக அடுக்கிக்கொண்டு, அதே சமயம் மீப்பாய்மமாகவும் இருக்கும். மீத்திண்மம் என்கிறார்கள். 2023இல் இன்ஸ்புரூக், கிரான் சாசோ குழுக்கள் சேர்ந்து இந்தப் பொருளைக் கணினியில் சுழற்றி மெதுவாக்கிப் பார்த்தன. துளிகளுக்கு நடுவே உள்ள அடர்த்தி குறைந்த இடங்களில் சிக்கிய சுழல்கள் விடுபடும்போது கிளிட்ச் போன்ற துள்ளல் வந்தது. 2024இல் இன்ஸ்புரூக்கில் பிரான்செஸ்கா ஃபெர்லைனோ குழு காந்தப்புலத்தைச் சுழற்றி, அத்தகைய மீத்திண்மத்தில் சுழல்களை நேரில் கண்டது.

இதிலும் துளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், விகிதம் பத்துதான், துகள்கள் போசான்தான். ஆனால் சுழல் அடர்த்தியான துளியைத் தவிர்த்து நடுவில் உட்காருகிறது என்பது, அணுக்கரு சுழலைத் தள்ளுகிறது என்ற வார்சாக் கணக்கோடு ஒப்பிட்டுப் பேசத்தக்க முதல் ஆய்வகச் செய்தி. இத்தகைய காந்த அணுக்களின் டைபோலார் வாயுவுக்கான நிரல்களும் 2015 முதல் பொதுவில் கிடைக்கின்றன, அவற்றிலும் திருச்சிக்காரர்களின் பங்கு உண்டு. சுழற்றும் வேகத்தை மெல்லக் குறைக்கும் ஒரு வரியையும், துளி தனக்குள்ளேயே சுருங்கி விழாமல் தடுக்கும் குவாண்டம் திருத்த உறுப்பையும் அதில் சேர்ப்பது முதல் வேலை.